மறு: ‘அயோடின் நிறமி’ வேண்டாம்; குளோரைடு செய்யும் வேலைக்கு என்ன சொல்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு நாளாகக் கடலூரில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. கண் நிறமிகளுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் இழையை இன்றுதான் முழுதாகப் படித்தேன்.

முதலில் ஒரு திருத்தம். புதுச்சேரி நண்பர் அயோடாப்சினை (iodopsin) ‘அயோடின் நிறமி’ என்று சொற்பட்டியலில் சேர்த்திருக்கிறார். அதில் துளி அயோடின் கிடையாது. கோழி விழித்திரையில் நிறம் உணரும் கூம்பு செல்களில் உள்ள இந்த நிறமிக்கு 1937-இல் பெயர் வைத்த ஜார்ஜ் வால்டு, ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார். அயோடினுக்கும் அதன் ஆவியின் ஊதா நிறத்தால் வந்த பெயர்தான். பெயரில் பங்காளிகள், அவ்வளவே. வேடிக்கை என்னவென்றால், இந்த நிறமிக்கு ஓர் உப்பீனி (ஹாலோஜன்) நிஜமாகவே தேவைப்படுகிறது. அது குளோரின், அதுவும் குளோரைடு அயனியாக.

குளோரைடு ஒட்டியிருக்கும்போது கோழியின் அயோடாப்சின் 571 நானோமீட்டர் அருகே ஒளியை மிக அதிகமாக உட்கவர்கிறது. அதை நீக்கினால் உச்சம் சுமார் 40 நானோமீட்டர் நீலப் பக்கம் நகர்ந்துவிடும். மனிதக் கண்ணின் சிவப்பு, பச்சைக் கூம்பு நிறமிகளிலும் இதே கதைதான். நிறமிப் புரதத்தின் 197-ஆம் இடத்து ஹிஸ்டிடின், 200-ஆம் இடத்து லைசின் என்ற இரு அமினோ அமிலங்களும் அயனியைப் பிடித்துக்கொள்கின்றன என்று 1993-இல் கண்டுபிடித்தார்கள். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்லின் நிறமியான ரொடாப்சினுக்கு இந்தப் பழக்கம் இல்லை.

குளோரைடு ஏறும்போது உச்சம் சிவப்புப் பக்கம் போகும் இந்த நகர்வுக்குத்தான் சொல் வேண்டும். ‘செம்பெயர்ச்சி’ என்ற முன்மொழிவை நான் ஏற்கவில்லை. வானியல் அதை எப்போதோ எடுத்துக்கொண்டது, மாணவர் விலகி ஓடும் விண்மீன் கூட்டங்களைத்தான் நினைப்பார். வெறும் ‘பெயர்ச்சி’ என்றாலோ என் வீட்டில் பஞ்சாங்கத்தை எடுத்துவிடுவார்கள்.

நான் முன்பே சொன்ன ‘நிறச்சுருதி’தான் இப்போதும் என் முன்மொழிவு. திருப்பாப்புலியூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் மிருதங்கம் பழகுகிறான். வாசிக்க உட்காருமுன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இடது பக்கத் தொப்பியின் நடுவில் வட்டமாக அப்புவான். தட்டிப் பார்ப்பான், கொஞ்சம் கிள்ளி எடுப்பான், மறுபடி தட்டுவான். அதே தோல், அதே வார். அந்த ஒரு கை ரவை ஏறியதும் ஒலி கனத்துக் கீழே இறங்கிவிடும். குளோரைடும் அப்படித்தான். ஒளியை வாங்கும் ‘ரெட்டினால்’ என்ற மூலக்கூறு மாறுவதில்லை. புரதத்தில் ஓர் அயனி ஏறியதும் நிறமி இன்னும் குறைந்த அதிர்வெண் உள்ள ஒளிக்கு, அதாவது சிவப்புப் பக்கம், இறங்கிவிடுகிறது. ஆகவே ‘குளோரைடால் நிறச்சுருதி இறங்குகிறது’ என்று எழுதினால் திசையும் சரியாக வரும்.

உவமையின் ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். ரவையைக் கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். உயிருள்ள கண்ணில் குளோரைடுக்குப் பஞ்சமில்லை, அது ஏறியேதான் இருக்கிறது. கருவாட்டுக் குழம்பில் உப்பு கூடினால் உலகம் சிவப்பாகத் தெரியாது! அதனால்தான் ‘சுருதி சேர்ப்பு’ என்று செயலாகச் சொல்லாமல் ‘நிறச்சுருதி’ என்று நிலையாகச் சொல்கிறேன்.

‘சுருதி வடசொல்லாயிற்றே’ என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். தமிழிசையில் ‘அலகு’ உண்டு. ஆனால் இன்று அலகு என்றால் மீட்டரும் கிலோவும்தான். ‘நிற அலகு’ என்று போட்டால் குழப்பமே மிஞ்சும். ‘நிற இசைவு’ என்ற அவருடைய சொல் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இசைவு ஏறுமா, இறங்குமா? வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன், எனக்கு உட்காரவில்லை.

ஒரு சோதனை வைக்கிறேன். எலியின் பச்சை நிறமியில் அந்த ஹிஸ்டிடின் இருக்க வேண்டிய இடத்தில் டைரோசின் என்ற வேறோர் அமினோ அமிலம் இருக்கிறது. அயனிக்கு இடமில்லை, உச்சம் 508 நானோமீட்டரில் நிற்கிறது. இதை அவரவர் சொல்லை வைத்து ஒரே வாக்கியத்தில் எழுதி அனுப்புங்கள். என்னுடையது: ‘குளோரைடு ஏறாததால் எலியின் பச்சை நிறமிக்கு நிறச்சுருதி இறங்கவில்லை.’

அப்புறம், பட்டியலில் ‘குளோரைடு’, ‘குளோரைட்டு’ இரண்டும் கலந்து கிடக்கின்றன. யாராவது ஒன்றாக்கிவிடுங்களேன்.

அன்புடன்,
திருப்பாப்புலியூரிலிருந்து