மறு: கல்வி நிதி இந்த ஆண்டு – பணம் அனுப்பும் முன் இதையும் படியுங்கள்

உலகம்மாள் (போஸ்ட்மாஸ்டர் வீடு), சிங்கப்பூர்:

எல்லாருக்கும் வணக்கம்.

மாடசாமி அண்ணன் நம் ஊர்ச் சங்கத்தின் கல்வி நிதிக்கு ஆளுக்குப் பத்தாயிரம் கேட்டிருந்தார். நான் அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனேன். அங்கே பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கொடைக்கு மறுநாள் சாயங்காலம் அம்மாவோடு கீழத்தெரு வழியாக வந்தேன். ஒரு திண்ணையில் நம் நிதியில் படித்த பெண் பீடித்தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பி.இ. எலெக்ட்ரானிக்ஸ், போன வருஷம் முடித்தவள். பெயரும் வீடும் எழுதமாட்டேன், செயற்குழுவுக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். தட்டு நிறையத் தூள், எழ முடியவில்லை. இலையை உருட்டுகிறாள், முனையை மடக்குகிறாள், நூலைச் சுற்றி அறுக்கிறாள். என்னோடு பேசும்போதும் கை நிற்கவில்லை. பக்கத்தில் ஃபோனில் ஆப்டிட்யூட் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது.

வேலை கிடைக்கவில்லையா தாயி என்று கேட்டேன். "கிடைச்சது அக்கா" என்றாள்.

அவள் அம்மா உள்ளே போய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தார். சென்னைக்கு வெளியே ஒரகடம் பக்கம் ஒரு ஆலை, டிரெயினி எஞ்சினியர். 12 நாளில் அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும். கல்லூரியிலோ பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைத் தர மறுத்துவிட்டார்கள். பஸ் கட்டணம் 18,500 பாக்கியாம். நாம் கட்டியது டியூஷன் கட்டணம் மட்டும்தானே. பீடிக்கடையில் முன்பணம் வாங்கி எட்டாம் நாள் கட்டி, பட்டியலை வாங்கியிருக்கிறார்கள். அப்புறம்தான் எங்கே தங்குவாள் என்ற கேள்வி வந்தது. சென்னையில் தெரிந்தவர் யாரும் இல்லை, விடுதி அட்வான்ஸுக்குக் கையில் காசும் இல்லை. கெடு முடிந்தது. இன்னும் ஒரு வாரம் கேட்டு மெயில் போட்டிருக்கிறாள், பதில் வரவில்லை. இப்போது தாயும் மகளும் சேர்ந்து அந்த முன்பணத்தைச் சுற்றிக் கழிக்கிறார்கள்.

கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே அறிவிக்கை போட்டிருக்கிறது. நம்மில் ஒருவர் அந்த அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் செய்திருக்கலாம். நாம் யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் நம்மிடம் சொல்லலாம் என்று தோன்றவில்லை.

திரும்பி வந்ததும் 2013 முதல் நாம் கட்டணம் கட்டிய பெண்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். படிப்பை முடித்தவர்கள் 31 பேர். படித்த துறையில் வேலை பார்ப்பவர்கள் 8. பள்ளியில் பாடம் எடுப்பவர்கள் 3. டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் 4. கல்யாணம் ஆகி வேலைக்குப் போகாதவர்கள் 12. மற்ற 4 பேர் கிடைக்கவில்லை. அந்த 8 பேரிடமும் முதல் மூன்று மாதம் எங்கே இருந்தாய் என்று கேட்டேன். 7 பேர் சித்தி வீடு, அண்ணன் அறை, மாமா வீடு என்று சொன்னார்கள். ஒருத்திதான் தனியாகப் போய் விடுதியில் நின்றவள். மதிப்பெண்ணில் இந்த 8 பேரை மிஞ்சியவர்கள் அந்த 12 பேரில் உண்டு.

என் கதையும் அதுதான். 2006-இல் தென்காசியில் பொதிகை ரயில் ஏறி தாம்பரம் அத்தை வீட்டுக்குப் போனேன். முன்னறையில் தையல் மெஷினுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் பாய் விரித்து ஏழு மாதம் படுத்தேன். கிண்டி, அம்பத்தூர் என்று இன்டர்வியூவுக்கு அலைந்த நாள் எல்லாம் அத்தை ஐந்து மணிக்கு எழுந்து எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. என் பட்டத்தைப் போல நூறு பட்டம் ஊரில் இருந்தது. எனக்கு அந்த முன்னறையும் இருந்தது.

ஆகவே கேட்கிறேன். படிப்பு முடித்த பெண்ணுக்கு ஒருமுறை 43,000 ரூபாய்: கல்லூரிப் பாக்கி 18,500, விடுதி அட்வான்ஸ் 8,000, இரண்டு மாதம் சாப்பாட்டோடு விடுதி வாடகை 13,000, டிக்கெட், மெடிக்கல், பஸ்ஸுக்கு 3,500. மாதம் பிறந்து இருபது நாள் கழித்துச் சேர்ந்தால் பல இடங்களில் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வருகிறது, அதனால் இரண்டு மாதம் போட்டிருக்கிறேன்.


மாடசாமி, தோஹா:

உலகு, மடல் கண்டேன். வங்கியில் நேற்றைய இருப்பு 4,12,640. இந்த ஆண்டு கட்டணம் கட்ட வேண்டிய பிள்ளைகள் 6 பேர், மொத்தம் 2,70,000. மீதி 1,42,640. நீ கேட்கிறபடி ஆளுக்கு 43,000 என்று மூன்று பெண்களுக்கு 1,29,000 போனால் மிஞ்சுவது 13,640. நான்காவது பெண்ணுக்கு இல்லை. இதை எல்லாரும் தெரிந்துகொண்டு கை தூக்க வேண்டும்.

நம் விதியில் "கல்விக் கட்டணம்" என்று மட்டும்தான் இருக்கிறது, அதுவும் கல்லூரிக் கணக்குக்கு நேராக. அப்படி ஏன் எழுதினோம் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். 2019-இல் கையில் கொடுத்த 30,000-க்கு இன்றுவரை ரசீது வரவில்லை. கொடுக்கச் சொன்னவரும் இந்தக் குழுவில் இருக்கிறார்.

விதியைத் திருத்தலாம். பாக்கியைக் கல்லூரிக் கணக்கில் நாமே கட்ட வேண்டும். விடுதிப் பணம் விடுதிக் கணக்குக்கே போக வேண்டும். அவள் விடுதியைக் காலி செய்யும்போது அட்வான்ஸ் சங்கத்துக்குத் திரும்ப வேண்டும், அடுத்த பெண்ணுக்கு அது ஆகும். 3,500-க்குப் பஸ் டிக்கெட் எல்லாம் கேட்கமாட்டேன், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நான் கஞ்சன் என்று சிலர் பேசுவது காதில் விழுகிறது. 13 வருஷத்தில் கட்டணம் ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை.


செல்லத்துரை, டல்லாஸ்:

உலகு, உன் மடலைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனாலும் நீ எழுதிய விதம் எனக்கு ஒப்பவில்லை. 140 பேர் படிக்கிற குழு இது. சம்பந்தி வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். நம் நிதியில் படித்த பிள்ளை பீடி சுற்றுகிறது என்று எழுதினால் ஊருக்கு என்ன பெயர்?

சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 விண்கலத்தை இஸ்ரோ 2023 செப்டம்பர் 2 அன்று ஏவியபோது அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி. செங்கோட்டைக்காரர். அங்கேயே அரசுப் பள்ளி, நெல்லை அரசுப் பொறியியல் கல்லூரி. நமக்கு எட்டும் தூரத்து ஊர்ப் பெண். அந்த வருஷம் பள்ளி ஆண்டு விழாவில் நான் அதைச் சொன்னபோது முன்வரிசைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகளுக்கு அந்த நிமிர்வு வேண்டும். இன்னொன்று, தாய் தகப்பன் அனுப்பமாட்டேன் என்றால் நம் பணம் என்ன செய்யும்?

கிணற்று விவகாரத்தில் உன் அப்பா எனக்கு எதிராக நின்றார், அதை நான் மறக்கவில்லை. அப்படியிருந்தும் உன்னைச் சென்னைக்கு அனுப்பச் சொல்லி 2006-இல் அவரிடம் போய் இரண்டு மணி நேரம் பேசியவன் நான். தாம்பரம் அத்தைக்கு இத்தனை வரி எழுதினாய். சித்தப்பாவுக்கு ஒரு வரி இல்லை.

30,000 பற்றி நான் மாடசாமியிடம் நேரில் பேசிக்கொள்கிறேன்.


சண்முகத்தாய், ஷார்ஜா:

நான் சொல்லச் சொல்ல மகள் அடிக்கிறாள்.

செல்லத்துரை அண்ணே, பீடி சுற்றுவதில் ஊருக்கு என்ன கெட்ட பெயர்? நம் தெருவில் பாதி வீட்டுக் கூரை பீடியில் எழும்பியது. ஒன்பது வயதில் தகர அளவை வைத்து இலை வெட்டப் பழகினேன். சாயங்காலம் ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் ஒரு ரேடியோவை வைத்து, இலங்கை வானொலி கேட்டுக்கொண்டே ஆயிரம் முடிப்போம். கடைக்காரர் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே, தூள் குறைவு என்று கழித்துப் போடுவார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த நாளும் உண்டு. அந்தக் காசில்தான் என் தம்பி ஐடிஐ படித்தான். அவனும் இந்தக் குழுவில் இருக்கிறான். அக்கா எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆறு வருஷம் ஆகிறது. படிக்கட்டும்.

அந்தப் பிள்ளையின் அம்மாவும் நானும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தவர்கள். நேற்று ராத்திரி கூப்பிட்டுப் பேசினேன். அனுப்பமாட்டேன் என்று அவள் சொல்லவே இல்லை. "யார்கிட்ட விடுவேன்" என்றுதான் கேட்கிறாள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால் கதவு திறக்க ஆள் இருக்குமா, காய்ச்சல் என்றால் யார் கஞ்சி வைப்பார் என்று கேட்கிறாள். நிகர் ஷாஜி என்று சொன்னீர்களே, அந்தம்மா ராஞ்சிவரை போய்ப் படித்தவர் என்று மகள் சொல்கிறாள். செங்கோட்டையிலிருந்து ராஞ்சிக்கு ஒரு பெண்ணை அனுப்ப அந்த வீட்டில் மனசு இருந்திருக்கிறது. எங்கள் தெருவிலும் மனசு இருக்கிறது அண்ணே. போய் இறங்க ஒரு வீடுதான் இல்லை.


உலகம்மாள்:

சித்தப்பா, நீங்கள் அப்பாவிடம் பேசியது எனக்கு இன்றுதான் தெரியும். அப்பா கடைசிவரை சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமாம், அன்றைக்குக் காப்பி கூடக் குடிக்காமல் போனார் என்றார். இந்தக் குழுவிலேயே, எல்லார் முன்னாலும், நன்றி சொல்கிறேன். அதே மாதிரி இந்தப் பெண்ணின் அப்பாவிடமும் நீங்கள்தான் பேச வேண்டும். நான் பேசினால் கேட்கமாட்டார்.

அண்ணன் போட்ட நிபந்தனை எல்லாம் சரி. இரண்டு விஷயம் விசாரித்தேன். அரசின் தோழி விடுதிகள் கூடுவாஞ்சேரி, அடையாறு, திருச்சி, தஞ்சாவூர் என்று பல ஊரில் இருக்கின்றன, வேலைக்குப் போகும் பெண்களுக்கே கட்டியவை. ஒரகடம் பக்கத்து வல்லம் வடகாலில் 2024-இல் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைத் திறந்தார்கள், ஆனால் அது ஆலைகள் வழியாகத்தான், தனியாகப் போய்க் கேட்க முடியாது. அப்புறம், வேலை உடனே அமையாவிட்டால் ஒரு வருஷ அப்ரென்டிஸ் பயிற்சி இருக்கிறது. 2019-இல் திருத்திய விதி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000, டிப்ளமோவுக்கு 8,000 உதவித்தொகை என்று வைத்தது. குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்பதால் நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. அதைக் கவனிக்கும் தென்மாநில அப்ரென்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நம் பட்டியலில் ஒரு பெண்ணுக்கும் இதை யாரும் சொன்னதில்லை.

அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் இருக்கிறதே என்று ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார். அது படிக்கும் காலத்துக்கு. நான் சொன்ன பெண் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். அந்தப் பள்ளிகளுக்கு 2024 டிசம்பர் கடைசியில்தான் நீட்டித்தார்கள், கடைசி சில மாதம்தான் அவளுக்கு வந்தது.


குமார், மெல்பர்ன்:

எல்லா மடலையும் அம்மாவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். எலுமிச்சைச் சாதம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அம்மாவுக்கு இப்போது 74. தாம்பரம் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். தையல் மெஷினை மாடிக்கு ஏற்றியாகிவிட்டது, முன்னறை காலியாகக் கிடக்கிறது. அந்தப் பிள்ளையை வரச் சொல்லுங்கள், வேலை கிடைக்கும்வரை இருக்கட்டும் என்கிறார். விடுதிப் பணம் 21,000-ஐ இவள் கணக்கில் போட வேண்டாம் மாடசாமி அண்ணே, அடுத்த பெண்ணுக்கு வையுங்கள். அம்மாவால் இப்போது மாடிப்படி ஏற முடியாது, ராத்திரி மோட்டார் போட ஆள் வேண்டும், அதை மட்டும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பொதிகை காலையில் தாம்பரத்தில் நிற்கும். எந்தத் தேதி என்று சண்முகத்தாய் அக்கா கேட்டுச் சொன்னால் டிக்கெட் நான் போடுகிறேன். அவள் அம்மாவும் கூட வந்து நாலு நாள் இருந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும். இரண்டு டிக்கெட்டாகவே போடுகிறேன்.