சேவைக் கடிதம் இல்லாமல் கணினிச் சங்க உறுப்புரிமை எடுக்கலாமா?

வணக்கம், திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். 1976இல் தொடங்கிய இலங்கைக் கணினிச் சங்கத்தில் உறுப்பினராக விண்ணப்பிக்கப் பார்க்கிறேன். வேலை அனுபவத்துக்கு ஆதாரம் காட்டுவதில்தான் சிக்கல்.

2017 முதல் 2022 வரை உப்புவெளியில் ஒரு சிறிய கம்பனியில் நெட்வேர்க் வேலை. நெருக்கடி நேரத்தில் அதை மூடிவிட்டார்கள், சேவைக் கடிதம் தரவில்லை. முதலாளி இப்போது வெளிநாட்டில். வட்ஸ்அப்பில் பார்க்கிறார், பதில் மட்டும் வராது. நியமனக் கடிதத்தில் பதவி ‘உதவியாளர்’ என்றுதான் இருக்கிறது (எல்லாருக்கும் அதையே போட்டார்கள்). ஈபிஎஃப் விபரமும் எடுத்தேன். காலம், கம்பனிப் பெயர் எல்லாம் சரி, என்ன வேலை என்று அதில் இல்லை. கூட வேலை செய்த அண்ணா ஒருவர் கடிதம் தரத் தயார்.

ஈபிஎஃப் விபரம், சத்தியக்கடதாசி, சக ஊழியரின் கடிதம் ஆகியவற்றை மட்டும் கொடுத்து யாராவது உறுப்புரிமை எடுத்திருக்கிறீர்களா?