தங்கவயல் சொந்தங்கள்: ராபர்ட்சன்பேட்டை பிராஜெக்ட்

நான்: எல்லாருக்கும் வணக்கம். கடைசி வருஷ பிராஜெக்டுக்கு நம்ம கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையை எடுத்திருக்கேன். தங்கச் சுரங்கம் மூடின ஊர்ல கடைவீதியை மறுபடி எப்படித் தூக்கி நிறுத்தறதுன்னு. சுரங்கத்துக்குள்ள இறங்கற ஷாஃப்ட் பக்கத்துல மியூசியம், அங்கேருந்து எம்.ஜி. மார்க்கெட் வரைக்கும் நடைபாதை. வரைபடத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

அத்தை: அழகா இருக்கு தங்கம். சுரங்கத் தொழிலாளிங்க இருந்த நம்ம லைன் வீடுங்க எங்க?

நான்: வரைபடத்துக்கு வெளில விழுந்துடுச்சு அத்தை. சேர்க்கறேன்.

பெரியப்பா: மியூசியம் வேணும்பா. சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல அவ்ளோ ஆழத்துல பாறையே சுடும். நாங்க பட்ட பாட்டை உங்க பிள்ளைங்க பார்க்கணும். ஆனா அதுக்கு ஞாயித்துக்கிழமைதான் ஆள் வரும். மத்த நாள்?

சித்தப்பா: அதேதான். 2001 பிப்ரவரி 28 மைன்ஸ் மூடுச்சு. அப்புறம் கே.ஆர்.புரத்துக்குக் குடி வர்ற வரைக்கும் பதினோரு வருஷம் நம்ம ஊர் மாரிக்குப்பம் ஸ்டேஷன்லேருந்து ட்ரெயின்ல பெங்களூர் வந்து போனேன். இருட்டுல ஏறுவோம், இருட்டுல இறங்குவோம். சம்பாதிக்கிறவன் பகல்ல ஊர்லயே இல்ல. மார்க்கெட்டுக்குப் பகல்ல எங்கேருந்து கூட்டம் வரும்?

அத்தை: என் காய்கறிக் கடைக்கு ட்ரெயின் வந்தப்புறம்தான் வியாபாரமே. அதுக்குள்ள பக்கத்துக் கடைங்க எல்லாம் மூடிடறாங்க. எங்க வரிசைல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் இல்ல. அவசரம்னா வீட்டுக்குத்தான் ஓடணும். அதை முதல்ல வரை.

நான்: அப்போ ஸ்டேஷன்லேருந்து ஆரம்பிக்கணுமா சித்தப்பா?

சித்தப்பா: ஆமா. ராத்திரி ட்ரெயினுக்கு பஸ், வழி முழுக்க லைட், பத்து மணி வரைக்கும் மார்க்கெட்.

பெரியப்பா: சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்துலேருந்து 1902லயே நமக்கு கரண்ட் வந்துச்சு. பெங்களூருக்கு 1905லதான். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு மேல வந்தா டீக்கடைல பாய்லர் கொதிச்சிட்டிருக்கும். மனசுக்கு அவ்ளோ தெம்பு. அது திரும்ப வரணும்பா.

அக்கா: தங்கம் பிரிச்சதும் மிச்ச மண்ணைக் கொட்டின சயனைடு மேட்டை விட்டுட்டியேடா. கோடைல காத்தடிச்சா புழுதி சோத்துல வந்து விழுது, பாப்பாவுக்கு இருமல் நிக்கல. மேட்டுல புல்லும் மரமும் பிடிக்கலன்னா உன் நடைபாதைல யாரு நடப்பா?

பெரியப்பா: அந்த மேட்டுல மிச்சமிருக்கிற தங்கத்தை எடுக்கலாம்னு 2024ல மாநில அரசு ஒத்துக்கிச்சு. எடுக்கட்டும். புழுதி கிளம்பாம எடுக்கணும், வேலை நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு வரணும். அதையும் எழுது.

நான்: எழுதறேன் பெரியப்பா. மியூசியத்தைக் கடைசிக்குத் தள்ளிட்டேன். சனிக்கிழமை ராத்திரி ட்ரெயின்ல வரேன். ஸ்டேஷன்லேருந்து அத்தை கடை வரைக்கும் நடந்து, எங்கெங்க லைட் இல்லன்னு குறிச்சுக்கறேன்.

அத்தை: கடையைத் திறந்தே வெச்சிருக்கேன். டார்ச் எடுத்துட்டு வா தங்கம்.