ஸ்கைரிம்: போருக்கு முன்னாடி புரொவென்டஸ் விஷயத்தில் ஒரு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. 2011-ல் வந்த ஸ்கைரிம் வீடியோ கேமை இப்போதுதான் முதல்முறையாக விளையாடுகிறேன். அதில் வரும் உள்நாட்டுப் போரில் ஸ்டார்ம்கிளோக் என்ற கிளர்ச்சியாளர்கள் பக்கம் சேர்ந்துவிட்டேன். அடுத்து வைட்ரன் நகரத்தைத் தாக்க வேண்டும். அங்கேதான் கை ஓடவில்லை.

காரணம், அந்த நகரை ஆளும் யார்ல் (தலைவர்) பால்குரூஃபின் ஆலோசகர் புரொவென்டஸ் அவெனிச்சி. டிராகன் வந்த சேதி சொன்னதும் ரிவர்வுட் கிராமத்துக்குப் படை அனுப்பலாம் என்று யார்லின் மெய்க்காவலர் ஐரிலெத் சொல்வாள். இவர் உடனே தடுப்பார், பக்கத்து ஊரான ஃபால்க்ரீத்தின் யார்ல் அதைச் சீண்டலாக எடுத்துக்கொள்வார் என்று. பலருக்கு அவர் பயந்தாங்கொள்ளியாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து ஊரோடு சண்டை வந்தால் என்ன ஆகும் என்று அந்தச் சபையில் யோசித்த ஒரே ஆள் அவர்தான்.

நான் ஜெயித்தால் அவரும் யார்லோடு சாலிட்யூட் நகருக்குப் போய்விடுவாராம், ஆலோசகர் இடத்துக்கு ப்ரில் என்பவர் வருவாராம். மகள் ஏட்ரியான் மட்டும் வைட்ரனிலேயே கொல்லுப்பட்டறையில் இருப்பாள். அவள் அப்பாவிடம் கொடுக்கச் சொன்ன வாள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: வாளை இப்போதே கொடுத்துவிடவா, சாலிட்யூட்டிலும் வாங்கிக்கொள்வாரா? ப்ரீஸ்ஹோம் வீட்டை 5000 காசுக்கு இவரிடமே வாங்கினால், மீதி வீட்டுச் சாமான்களைப் பிறகு ப்ரில் விற்பாரா? என்னிடம் இப்போது 5300தான் இருக்கிறது. போருக்கு முந்தைய சேவ் பத்திரமாக வைத்திருக்கிறேன், பதில் வரும்வரை கோட்டைப் பக்கம் போகமாட்டேன்.