உமியில் பங்கசு பிடிக்கிறது, செல்லுலேஸ் வரவில்லை. என்ன செய்யலாம்?

கோண்டாவில் பெடியன்:
இறுதியாண்டு ஆய்வுக்காகப் பண்ணைக் கழிவில் பங்கசு வளர்த்து, செல்லுலோசைச் சர்க்கரையாக உடைக்கும் செல்லுலேஸ் நொதியம் எடுக்கப் பார்க்கிறேன். கையில் இருப்பது ட்ரைக்கோடெர்மா ரீசெய். கிளிநொச்சிப் பக்கம் ஒரு மில்லில் உமி சும்மா தந்தார்கள். அதை அரைத்து, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து, பிரஷர் குக்கரில் அவித்து, ஆறவிட்டுத்தான் பங்கசு போட்டேன். அங்கங்கே திட்டுத் திட்டாகப் பச்சை வருகிறது. சாறெடுத்து வடிதாளில் (அதுவும் செல்லுலோஸ்தான்) சோதித்தால், சர்க்கரை இருந்தால் சிவக்கும் டி.என்.எஸ். கரைசலில் நிறமே ஏறுவதில்லை. கூடப் படிப்பவன் கோதுமைத் தவிட்டில் வளர்க்கிறான். அவனுடைய குழாய் நல்ல சிவப்பு. உமியை விட்டுவிடவா? பனம்பழக் களியைப் பிழிந்து பனாட்டுப் போட்ட பிறகு மிஞ்சின தும்பும் வீட்டில் காய்ந்து கிடக்கிறது. அம்மா அடுப்பில் வைக்க முதல் யாராவது சொல்லுங்கோ.

நீர்வேலி அக்கா:
தம்பி, அடுப்பில் வைக்க வேண்டியது உம்முடைய உமியைத்தான். அதில் செல்லுலோசைச் சுற்றி இறுக்கும் லிக்னின் கூட, சிலிக்காவும் கூட. எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். ரீசெய்க்கு லிக்னினை உடைக்கத் தெரியாது. அதன் பூர்வீகத்தைப் பாரும்: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணியை உக்கவைத்த பங்கசு. பருத்தி தின்று பழகினதுக்கு உமியைப் போட்டால் முழிக்காமல் என்ன செய்யும்?

வைக்கோல் எடும். சின்னதாக வெட்டி, 1 அல்லது 2 சதவீதச் சோடியம் ஐதரொட்சைட்டில் ஊறவைத்து, காரம் போகும்வரை கழுவிக் காயவிடும். நாலு பங்கு வைக்கோலுக்கு ஒரு பங்கு தவிடு சேரும். நைதரசன் அதிலிருந்து கிடைக்கும். ஈரம் 65–70 சதவீதம். கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. தட்டில் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பாகப் பரப்ப வேண்டாம், நடுவில் வெக்கை ஏறிவிடும்.

பிறகு அந்தக் கிணற்றுத் தண்ணீர்! எங்கட ஊர் முழுக்கச் சுண்ணக்கல். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைதான் உம்முடைய தட்டிலும் பி.எச்.சை ஏற்றுகிறது. வடித்த தண்ணீரில், இந்தப் பங்கசு வளர்க்கப் பாவிக்கும் மண்டெல்ஸ் உப்புக்கரைசல் செய்து, பி.எச். 5 பக்கத்தில் வைத்து நனையும்.

கொக்குவில் சிவா:
அக்கா சொன்னது சரி. ஆனால் கூட்டாளியின் சிவப்பை அப்படியே நம்ப வேண்டாம். தவிட்டில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது, டி.என்.எஸ்.சுக்கு அது நொதியம் உடைத்த சர்க்கரையா, தவிட்டுச் சர்க்கரையா என்று தெரியாது. தாள் போடாமல் சாறு மட்டும் விட்ட குழாய் ஒன்றையும் 50 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்து, அந்த அளவைக் கழிக்கச் சொல்லுங்கோ. பாதிச் சிவப்பு போனாலும் ஆச்சரியமில்லை.

இன்னொன்று. நொதியத்தின் வலிமையைச் சொல்லும் வடிதாள் அலகு கணக்கிட 50 மில்லிகிராம் தாளிலிருந்து 2 மில்லிகிராம் குளுக்கோஸ் வந்தாக வேண்டும். ஐதாக்காத சாறே அதைத் தொடாவிட்டால் அந்த அலகில் எண் எழுத முடியாது. முதலில் சி.எம்.சி. (தண்ணீரில் கரையும் செல்லுலோஸ்) சோதனை செய்து பாருங்கோ, பலவீனமான சாறும் அதில் தெரியும்.

கோண்டாவில் பெடியன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணை. அப்ப தும்பு?

நீர்வேலி அக்கா:
அம்மாவிடம் கேட்டு வாங்கி வையும், வைக்கோலோடு ஒப்பிட நல்ல பொருள். ஆனால் களிச் சர்க்கரை ஒட்டியிருக்கும். இலகுவாகக் குளுக்கோஸ் கிடைத்தால் இந்தப் பங்கசு செல்லுலேஸ் செய்ய மினக்கெடாது. சுடுதண்ணீரில் அலசும், அலசிய தண்ணீரில் டி.என்.எஸ். நிறம் வராதபோது நிறுத்தலாம்.