68 வயதில் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யலாமா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 68 வயது ஆகிறது. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் நெடுநாளாக இருக்கின்றன. இரண்டும் மாத்திரையில் கட்டுக்குள் உள்ளன. தம் மரணத்துக்குப் பின் உறுப்புகள் யாருக்காவது பயன்பட வேண்டும் என்று விரும்பிப் பதிவுப் படிவத்தை வாங்கி வந்தார். ஆனால் உறவினர் ஒருவர், 60 வயதுக்கு மேல் யாருடைய உறுப்பையும் எடுக்க மாட்டார்கள், சர்க்கரை நோயாளி என்றால் பேச்சுக்கே இடமில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டதால், கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார். தாத்தாவைப் பார்த்துவிட்டு என் 16 வயது மகளும் தானும் பதிவு செய்ய வேண்டும் என்கிறாள். வயது வரம்பு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? எந்தெந்த நோய் இருந்தால் தகுதி இல்லை? விவரம் அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றி உடையவனாக இருப்பேன்.

பதில் 1 (உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிபவர்):

வணக்கம் ஐயா. தங்கள் தந்தையார் தயங்காமல் கையெழுத்திடலாம். பதிவு செய்வது விருப்பத்தைத் தெரிவிப்பது மட்டுமே. தகுதியை முடிவு செய்வது அந்தப் படிவமன்று. இறக்கும் நேரத்தில் ஒவ்வோர் உறுப்பும் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மருத்துவர்கள் தனித்தனியாகச் சோதித்துத்தான் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று தீர்மானிக்கிறார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொண்டு சிறுநீரகத்தையும், எக்கோ என்னும் ஸ்கேன் எடுத்து இதயத்தையும், இரத்தப் பரிசோதனையாலும் தேவைப்பட்டால் ஊசியால் சிறு துணுக்கை எடுத்துப் பார்த்தும் கல்லீரலையும் மதிப்பிடுவார்கள்.

வயது ஒவ்வோர் உறுப்பையும் ஒவ்வொரு விதமாகத் தொடுகிறது. இதயத்தை 60 வயதை நெருங்கியவரிடமிருந்து எடுக்கவே பல மையங்கள் யோசிக்கும். கணையத்துக்கு அதைவிடவும் இளம் வயதினரையே எதிர்பார்ப்பார்கள். கல்லீரலோ முதுமையை நன்றாகவே தாங்கும். 80 வயதைக் கடந்தவர்களின் கல்லீரல் பிறருக்குப் பொருத்தப்பட்டு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. உறுப்பு தானத்தில் முன்னணியில் இருக்கும் ஸ்பெயினில், இறந்தபின் உறுப்பு வழங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் 60 வயதைத் தாண்டியவர்கள் என்பதைத் தங்கள் உறவினரிடம் தெரிவிக்கலாம். முதியவரின் சிறுநீரகம் ஒன்று போதாது என்று கருதினால், இரண்டையும் ஒரே நோயாளிக்கு வைக்கும் முறையும் உண்டு.

சர்க்கரை நோய் உள்ளவரின் கணையம் பயன்படாது. சிறுநீரகம் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கல்லீரலையும் கருவிழியையும் அந்த ஒரு காரணத்துக்காக மறுக்க மாட்டார்கள். உடலில் பரவியிருக்கும் புற்றுநோய், வெறிநாய்க்கடி நோய், மூளையைச் சிதைக்கும் பிரையான் வகை நோய்கள் போன்றவையே திட்டவட்டமான தடைகள். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைட்டிஸ் சி இருந்தால் முன்பெல்லாம் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள்; அதைக் குணப்படுத்தும் மாத்திரைகள் வந்தபின் அந்தக் கதவும் திறந்திருக்கிறது.

மகளைப் பொறுத்தவரை, பல நாடுகளில் சுயமாகப் பதிவு செய்ய 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்டவர்கள் இறக்க நேர்ந்தால் பெற்றோரே முடிவெடுப்பார்கள் என்பதால், அவள் தன் விருப்பத்தைத் தங்களிடம் சொல்லிவிட்டதே இப்போதைக்குப் போதுமானது.

இன்னொன்றும் உண்டு. பதிவு செய்த அனைவருக்கும் உறுப்பு தானம் செய்யும் வாய்ப்பு அமைந்துவிடுவதில்லை. மூளைச்சாவு ஏற்பட்டு, வென்டிலேட்டர் உதவியால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும் நிலையிலோ, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்காணிப்பிலேயே இதயம் நின்றுபோகும் நிலையிலோதான் பெரும்பாலும் உள்ளுறுப்புகளை எடுக்க முடியும். அப்படி இறப்பவர்கள் மிகச் சிலரே. எடுத்தபின்னும் இதயம் ஏறக்குறைய நான்கு மணி நேரமே தாங்கும், சிறுநீரகம் ஒரு நாளுக்கு மேலும் தாங்கும். அந்தச் சிலரிலும் வயதைக் காட்டித் தம்மைத் தாமே முன்கூட்டி விலக்கிக்கொள்பவர்கள் இருப்பதுதான் எங்களுக்கு வருத்தம்.

பதில் 2 (உயிருடன் இருக்கும்போதே சிறுநீரகம் வழங்கியவர்):

முந்தைய பதிலோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் அது இறந்தபின் வழங்குவதற்கு மட்டுமே பொருந்தும் என்பதைக் குறிப்பிட வேண்டும். தங்கள் உறவினர் இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. உயிருடன் இருப்பவர் சிறுநீரகமோ கல்லீரலின் ஒரு பகுதியோ கொடுக்க முன்வரும்போது, வழங்குபவருக்குப் பின்னாளில் தீங்கு வந்துவிடக் கூடாது என்பதால் விதிகள் மிகக் கடுமையாக இருக்கும். என் தம்பிக்கு நான் கொடுக்க முன்வந்தபோது, என் சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று கணக்கிட, ஒரு நாள் முழுவதும் கழித்த சிறுநீரைத் துளி விடாமல் கேனில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு முறை மறந்து கழிவறையில் விட்டுவிட்டால்கூடக் கணக்கு தவறிவிடும் என்று செவிலியர் எச்சரித்து அனுப்பினார். பிறகு சி.டி. ஸ்கேனில் இரத்தக் குழாய்கள் எத்தனை, எப்படிப் பிரிகின்றன என்று பார்த்தார்கள். மனநல மருத்துவர் என்னைத் தனியே அமரவைத்து, யாரேனும் வற்புறுத்துகிறார்களா என்று மூன்று விதமாகக் கேட்டார்.

சர்க்கரை நோயாளிகளைப் பெரும்பாலும் இதில் சேர்க்க மாட்டார்கள். வயதில் கீழ் வரம்பு பொதுவாக 18. ஆனால் 18 வயது நிறைந்தவரைக் கண்ட உடனே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், ஏனெனில் அவர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு இன்னும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கிறது, அதற்குள் அவருக்கு எந்த நோய் வரும் என்று இன்றைக்கே சொல்ல முடியாது. 60 வயதில் நோயின்றி இருப்பவர் அந்தக் கணக்கில் அவரைவிடப் பாதுகாப்பானவராகக்கூட அமையலாம்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. தந்தையிடம் வாசித்துக் காட்டினேன், கையெழுத்திட்டுவிட்டார். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கண்தானம் செய்ய முடியுமா? என் தாயார் சில ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று நலமாக இருக்கிறார். அவரும் பதிவு செய்யலாமா?

பதில் 1-ஐ எழுதியவர்:

கண்புரை சிகிச்சையில் மாற்றப்படுவது கண்ணின் உள்ளே இருக்கும் லென்ஸ். தானமாகப் பெறப்படுவது முன்புறம் இருக்கும் கருவிழி. ஆகவே தாராளமாக வழங்கலாம். கண்ணாடி அணிந்தவர்களும் அப்படியே. கண்தானத்துக்கு மூளைச்சாவு தேவையில்லை. வீட்டில் இறந்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குத் தெரிவித்தால் போதும். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

தாயாரும் பதிவு செய்யலாம். கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை என்பதால் இரத்தப் புற்றுநோய், கண்ணில் வரும் புற்றுநோய் போன்றவை நீங்கலாகப் பெரும்பாலான புற்றுநோய்கள் அதற்குத் தடையாவதில்லை. உள்ளுறுப்புகள் விஷயத்தில் மார்பகப் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடியது என்பதால் மருத்துவர்கள் மிகவும் எச்சரிக்கையாகவே இருப்பார்கள். எந்த நிலையில் கண்டறியப்பட்டது, நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவியிருந்ததா, சிகிச்சை முடிந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையெல்லாம் கேட்பார்கள். அவருடைய பயாப்சி அறிக்கையையும் சிகிச்சைச் சுருக்கத்தையும் தங்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருங்கள். அந்தத் தாள்கள் இல்லாவிட்டால், எடுக்கத் தகுந்த உறுப்பாக இருந்தாலும் ஐயத்தின் பேரில் மறுத்துவிடவே செய்வார்கள்.