அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) பயிற்சிக்கு அரசு பணம் தருகிறது. கற்றுக்கொடுக்கும் பொறுப்பு யாருடையது?

பயிற்றுநர்_திருச்சி:
ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவு முடித்த என் மாணவன் ஒருவன் ஓர் உதிரிபாக ஆலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். மாதக்கணக்கில் பேக்கிங் பிரிவிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவனுடைய உதவித்தொகையில் ஒரு பங்கு, 2016-இல் தொடங்கிய தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தின் வழியாக அரசிடமிருந்து வருகிறது. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இவனைத் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் என்கிறது. பெரும்பாலான தொழிலாளர் சட்டங்கள் இவனுக்குப் பொருந்தாததற்கு அதுதான் காரணம். கற்றுக்கொடுப்பார்கள் என்று நம்பித் தரப்பட்ட விலக்கு அது! பணிப் பதிவேட்டைச் சரிபார்க்காமல் அரசின் பங்கை விடுவிக்கக் கூடாது என்பது என் கருத்து.

கோவை_பட்டறை:
ஐயா, அந்த ஆலை செய்வது தவறு. ஆனால் நீங்கள் சொல்லும் தண்டனை யார் தலையில் விழும்? 2023 ஆகஸ்ட் முதல் அரசின் பங்கு நேரடியாகப் பையனின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அதை நிறுத்தினால் முதலாளிக்கு ஒரு காசும் குறையாது, பையன்தான் பட்டினி.

கணக்கையும் பாருங்கள். 2019 விதிப்படி ஐடிஐ முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7000 ரூபாய். அரசு தருவது 25 சதவீதம், அதுவும் 1500-க்கு மேல் இல்லை. மீதி 5500 என் பையிலிருந்து. அவனுக்குச் சொல்லிக்கொடுக்க நல்ல டர்னர் (லேத் இயக்குபவர்) ஒருவரின் நேரம் போகிறது, கெட்டுப்போகும் ஜாபும் (கடையும் பொருளும்) என் நஷ்டம். நுட்பமாக அளக்கும் வெர்னியர் கருவியில் அளவு படிக்கத் தெரியாமல் வருகிறவர்கள் உண்டு. அதற்கு ஐடிஐ பொறுப்பேற்காதா?

பயிற்றுநர்_திருச்சி:
பையனின் பணத்தில் கை வைக்க வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். அந்த நிறுவனம் புதிய ஒப்பந்தம் பதிவு செய்வதைத் தடுக்கட்டும். வெர்னியர் பற்றிச் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஐடிஐ முடித்தவருக்கு அடிப்படைப் பயிற்சி தேவையில்லை என்று விதி விலக்கு அளிக்கிறது. அப்படியானால் அந்த அடிப்படைக்கு நாங்கள்தான் பொறுப்பு. ஆனால் பழைய லேத்தையும் காலிப் பணியிடங்களையும் வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் நிலையையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

முன்னாள்_அப்ரண்டிஸ்:
இரண்டு பெரியவர்களும் பேசுவதில் எங்கள் தரப்பு விடுபடுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அதில் என்ன இருக்கிறது என்று யாரும் எனக்கு விளக்கவில்லை. தொழிற்பழகுநர் ஆலோசகர் என்று ஓர் அதிகாரி இருப்பதும், அவரிடம் முறையிடலாம் என்பதும், அவர் முடிவு பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு உண்டு என்பதும் பயிற்சி முடிந்த பிறகே எனக்குத் தெரிந்தது. ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது, பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலை கொடுக்கக் கூடாது. மீறினால் ஒவ்வொரு முறைக்கும் 1000 ரூபாய் அபராதம். நான் இருந்த இடத்தில் இரண்டும் நடந்தன. சூப்பர்வைசர் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட மாட்டார் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. யாரிடம் புகார் செய்வது என்பதை முதல் நாளே தமிழில் எழுதிக் கையில் கொடுப்பதற்கு எவ்வளவு செலவாகும்?

கோவை_பட்டறை:
தம்பி சொல்வது நடக்கக்கூடியது, உடனே செய்ய வேண்டியதும்கூட. அபராதம் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து, கோளாறு கட்டாயத்தில் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்கிறது விதி. எண்ணிக்கைக்காக எடுத்தவன் பேக்கிங்கில்தான் நிறுத்துவான். ஜெர்மனியில் நிறுவனங்களுக்கு இந்த மாதிரிக் கட்டாயம் இல்லை. விருப்பப்பட்டு எடுக்கிறார்கள், அக்கறையோடு கற்றுக்கொடுக்கிறார்கள்.

பயிற்றுநர்_திருச்சி:
ஜெர்மனியைப் பாதியோடு நிறுத்தாதீர்கள். அங்கே ஆலையில் பயிற்சிக்குப் பொறுப்பானவர் பொதுவாகக் கற்பிக்கும் தகுதியைத் தேர்வெழுதி நிரூபித்திருக்க வேண்டும். மாநில அரசு நடத்தும் தொழிற்பள்ளிக்கும் பையன் போகிறான். இறுதித் தேர்வை முதலாளி தனியாக நடத்துவதில்லை, தொழில் வர்த்தக சபையின் தேர்வுக் குழு நடத்துகிறது. தகுதியில்லாத நிறுவனம் பயிற்சி அளிப்பதைத் தடை செய்யவும் வழி இருக்கிறது. கட்டாயத்தை எடுத்துவிட்டு இவற்றையெல்லாம் ஏற்க உங்கள் பட்டறை உரிமையாளர் சங்கம் தயாரா?

கோவை_பட்டறை:
பயிற்றுநர் தகுதித் தேர்வுக்கு என் டர்னரை நாளைக்கே அனுப்புவேன். அவர் பட்டறையில் இல்லாத நாட்களின் கூலியை அரசு ஏற்க வேண்டும். ஒரே தொழிற்பேட்டையில் இருக்கும் சிறு பட்டறைகள் சேர்ந்து பொதுவான பயிற்சிக் கூடம் நடத்த இடமும் வேண்டும். தடை செய்யும் அதிகாரத்தைச் சங்கத்திடம் கொடுக்காதீர்கள். பக்கத்துப் பட்டறைக்காரரை நாங்களே தடை செய்ய மாட்டோம், அதுதான் உண்மை.

முன்னாள்_அப்ரண்டிஸ்:
அப்படியானால் அந்த அதிகாரம் ஆலோசகரிடமே இருக்கட்டும். ஆனால் அவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆலைக்குள் வந்து, சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாமல் எங்களிடம் தனியாகப் பேச வேண்டும். அதைக் கட்டாயமாக்க உங்கள் இருவருக்கும் சம்மதமா?